கோப்பாயில் மறித்த கார்

சென்ற மாதம் இரண்டு இளம் சட்டத்தரணிகள் என்னைத் தேடி உடுவிலுக்கு வந்தார்கள். வாகனம் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு சிறு கைநூல் அச்சிடப் போகிறார்களாம். பொலிஸ் மறித்தால் எதைக் காட்ட வேண்டும், எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம் என்பதெல்லாம் எளிய தமிழில் இருக்க வேண்டுமாம். “ஐயா இத்தினை வருசம் கோட்டிலை நிண்டனீங்கள். உங்கடை அனுபவத்திலை இருந்து நாலு பக்கம் எழுதித் தந்தால் காணும்” என்றார்கள். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். சட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. மிச்சமெல்லாம் ஒரு காரைப் பற்றியதாகவே இருந்தது. அதைக் கைநூலில் போட முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் நீதவான் கோடு ஒன்றில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தவன். அந்த வேலையில் இருப்பவரைச் சனங்கள் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு சேர்ந்தேன். நாடெங்கும் மொழியைப் பற்றியே பேச்சாக இருந்த ஆண்டு அது. என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஜெபம் தமிழிலும் சாப்பாட்டு மேசைப் பேச்சு ஆங்கிலத்திலுமாக எங்களை வளர்த்தார். அந்த இரண்டையும் வைத்துப் பரீட்சை எழுதினேன். முதல் இரண்டு வருடமும் மூத்த முதலியாருக்குப் பின்னால் நின்று கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்தில் நின்றேன். எழுபதுகளில் நடவடிக்கைகள் தமிழிலேயே நடக்கலாம் என்று வந்தபிறகு என் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. அது வர வேண்டிய காலத்தைவிடப் பிந்தி வந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் சேர்ந்த காலத்தில் சாட்சி தமிழில் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன், நீதவான் ஆங்கிலத்தில் எழுதுவார். எழுதியதுதான் வழக்கு. எழுதப்படாததை யாரும் சொல்லவில்லை என்று கருதப்படும்.

ஒரு கார் எப்படி மறிக்கப்படுகிறது என்பதை நான் றோட்டில் பார்த்ததைவிடச் சாட்சிக் கூண்டில் கேட்டதே அதிகம். சீருடையில் இருக்கும் பொலிஸ்காரர் கையைத் தூக்கினால் நிறுத்தியே ஆக வேண்டும். லைசென்ஸ் கேட்டால் காட்ட வேண்டும். பெயரும் விலாசமும் கேட்டால் சொல்ல வேண்டும். வாகனத்தின் வரிப் பத்திரமும் இன்சூரன்ஸும் அப்படியே. இவ்வளவும் கடமை. இதற்கு மேல் டிக்கியைத் திற, சீற்றைத் தூக்கு, மூட்டையை அவிழ் என்றால் அது வேறு விஷயம். மறிக்கிற அதிகாரம் வேறு, தேடுகிற அதிகாரம் வேறு. தேடுவதற்கு ஒரு கட்டளை இருக்க வேண்டும். அல்லது இந்த வாகனத்தை ஏன் சந்தேகிக்கிறோம் என்று வாயால் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஓட்டுகிறவர் தானாகச் சம்மதிக்க வேண்டும். அந்தக் காலச் சட்டத்தை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அநேகமான வழக்குகளில் மூன்றாவதுதான் வரும். பார்க்கலாமா என்று கேட்டோம், சம்மதித்தார் என்று பொலிஸ் தரப்பு சொல்லும். கூண்டில் நிற்கிற மனிதர் தான் எப்போது சம்மதித்தோம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பார்.

வாக்குமூலமும் அப்படித்தான். கொழும்புத்துறையிலிருந்து மீன் ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவரின் வழக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் கையெழுத்து வைத்த வாக்குமூலத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி அவருக்கே வாசித்துக் காட்டினேன். நித்திரைக் கண்ணோடு லொறியைப் பிழையான பக்கத்தில் ஓட்டியதாக அதில் இருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, “உது ஆர் சொன்னது, ஐயா?” என்று கேட்டார். நீர் சொன்னது என்றேன். தன் கையெழுத்தைப் பார்த்தார். “கையெழுத்து என்ரைதான். கதை என்ரை இல்லை” என்றார். அந்த வசனத்தையும் மொழிபெயர்த்தேன். பயனில்லை. லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தப்பட்டது.

அதன் பிறகு கோட்டு விறாந்தையில் காத்திருக்கும் கார்க்காரருக்கும் லொறிக்காரருக்கும் ஒரு விஷயம் சொல்லத் தொடங்கினேன். உங்களுக்குத் தெரிந்த பாஷையில் வாசித்து விளங்கப்படுத்தாமல் எதிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. கோட்டு உத்தியோகத்தன் அப்படிப் புத்தி சொல்லக்கூடாது. தெரிந்துதான் சொன்னேன். அது கார் ஸ்ராண்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நீதவான் மாற்றலாகி வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மெலிந்த, நேராக உட்காருகிற மனிதர். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுவார். அவருடைய பேனா ஓடுகிற வேகத்துக்கு முழுக் கோடும் நடக்க வேண்டும். பேனாவை மேலே தூக்கினால் சாட்சி, வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமார், நான், எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கீழே வைத்தால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவரையும் அதட்டியதில்லை. வந்த முதற்கிழமையே என்னிடம் சொன்னார்: “முதலியார், எனக்குச் சொல்லைத் தாரும். அதன் அர்த்தத்தை நான் தேடிக்கொள்ளுவேன்.” சாட்சி தயங்கினால் தயங்கினார் என்று நான் சொல்லக்கூடாது, அதை அவரே பார்ப்பார். சாட்சி அழுதால் நான் நிறுத்தக்கூடாது. இத்தனை வருடத்தில் நான் மதித்த நீதவான்மாரில் அவர் முதலாவது ஆள். அவருக்குக் கீழே வேலை செய்து களைத்தது போல் வேறு எவருக்குக் கீழும் நான் களைத்ததில்லை.

அவருக்கு முன்னால்தான் இராசேந்திரத்தின் வழக்கு வந்தது.

இராசேந்திரம் வடகரையில் ஒரு கடலோரப் பட்டினத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு ஒஸ்ரின் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் ஒரு கிழவர் இருந்தார். முன்பு பாய்க்கப்பலில் தண்டயலாக, அதாவது கப்பலை நடத்துகிற தலைவராக, இருந்தவர். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடல் இரைச்சல் கேட்கிற தன் வீட்டில் சாக வேண்டும் என்பதுதான் கிழவரின் கடைசி ஆசை. மகள் பாக்கியம் இராசேந்திரத்தின் காரைப் பிடித்தாள். பின் சீற்றில் தகப்பனைக் கிடத்தி, அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஆளை அசைக்காமல் கொண்டுபோகும்படி டொக்டர் இராசேந்திரத்திடம் சொல்லியிருந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோப்பாயில் கார் மறிக்கப்பட்டது. அந்த நாட்களில் கடத்தல் சாமான் பிடிப்பதற்கென்று வெளியிலிருந்து ஒரு பொலிஸ் குழு வந்து, பருத்தித்துறை றோட்டோரத்தில் தற்காலிகமாக ஒரு கொட்டில் போட்டிருந்தது. மறித்தவர் அந்தக் குழுவின் சார்ஜன்.

சார்ஜன் முதலில் சாட்சி சொன்னார். தெற்கிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில் சொன்னார். வடகரைக் கார் ஒன்றில் சாமான் வருகிறதென்று தகவல் கிடைத்ததாம். முன்பு ஒரு முறை நோயாளி போல ஒருவரைப் படுக்க வைத்து, சீற்றுக்குக் கீழே சாமான் கொண்டுபோயிருக்கிறார்களாம். காரைப் பார்க்க வேண்டும் என்று இராசேந்திரத்திடம் தமிழில் சொன்னாராம். “அவர் ‘ஓம்’ என்றார். டிக்கியைத் திறந்து காட்டினார். பிறகு பின் சீற்றைத் தூக்கிப் பார்க்கப் போனபோது கதவுக்கு முன்னால் வந்து நின்று என் கையைப் பிடித்தார்.” அரச ஊழியரின் கடமைக்குத் தடை செய்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபணமானால் சிறை மறியல் கிடைக்கலாம். கார் ஓட்டிப் பிழைக்கிற லைசென்ஸும் போய்விடும்.

சார்ஜன் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீதவான் அவரிடம் கேட்டார்: “இந்தக் காரைப் பற்றித்தான் உமக்குத் தகவல் கிடைத்ததா?”

“வடகரைக் கார் ஒன்று என்று கிடைத்தது, கனம் நீதவான்.”

“அங்கே எத்தனை கார்கள் இருக்கின்றன?”

“நிறைய இருக்கின்றன.”

“பின் சீற்றைக் கடைசியில் தூக்கிப் பார்த்தீரா?”

“இல்லை.”

“ஏன்?”

“சாரதியைக் கொட்டிலுக்குள் இருத்திவிட்டு நான் திரும்பிக் காருக்குப் போனேன். உள்ளே குனிந்தேன். அந்த முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். என்னால் தூக்க முடியவில்லை.”

நீதவான் அதை எழுதி முடித்தார்.

இராசேந்திரம் பிரக்கிராசி எவரையும் வைத்துக்கொள்ளவில்லை. “நடந்ததை நானே சொல்லுறன். அதுக்கு ஏன் ஒரு ஆள்?” என்று கேட்டாராம். மேசையைச் சுற்றியிருந்த பிரக்கிராசிமார் தங்கள் தங்கள் வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்வதை அந்த மண்டபத்தில் காது கொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

“சார்ஜன் காரைப் பார்க்க வேண்டும் என்றபோது நீர் என்ன சொன்னீர்?”

“ஓம் எண்டன்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: ஆம் என்று சொன்னேன். பேனா ஓடியது. நான் நின்ற இடத்திலிருந்து அந்தத் தாள் தெரியும். ‘நான் சம்மதித்தேன்’ என்று நீதவான் எழுதியிருந்தார்.

எங்களுடைய ஊர்ப் பேச்சில் ஓம் என்றால் ஆம்தான். ஆனால் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொல்வது காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தொப்பி போட்ட ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்று அரைகுறைத் தமிழில் ஏதோ சொல்லும்போது வாயில் வருகிற ஓம் அந்த வகைதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் சொல்லைத் தா என்பதுதான் எனக்குள்ள கட்டளை. கேள்விகள் தொடர்ந்தன. நானும் தொடர்ந்தேன்.

கொட்டிலில் நடந்ததையும் இராசேந்திரம் சொன்னார். சார்ஜன் ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தால் போகலாம். வாசித்துக் காட்டச் சொல்லி இராசேந்திரம் கேட்டார். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த கான்ஸ்டபிள் சைக்கிளில் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை இராசேந்திரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கொட்டில் வாசலால் கார் தெரிந்தது. பாக்கியம் சேலைத் தலைப்பால் தகப்பனுக்கு விசிறிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

“ஏன் உடனே கையெழுத்து வைக்கவில்லை?” என்று நீதவான் கேட்டார்.

“வாசிச்சு விளங்கப்படுத்தாமல் வைக்கக்கூடாதெண்டு கோட்டு முதலியார் ஒருத்தர் சொன்னவராம், ஐயா. கார் ஸ்ராண்டிலை கதைச்சவங்கள்.”

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். நீதவான் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார்.

கான்ஸ்டபிள் வந்து வாசித்துக் காட்ட, இராசேந்திரம் கையெழுத்து வைத்துவிட்டுக் காருக்குப் போனபோது முக்கால் மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. பாக்கியம் விசிறுவதை நிறுத்தியிருந்தாள். ஊருக்குப் போகிற வழியில் வல்லைவெளி கூட இன்னும் தாண்டாத இடத்திலேயே கிழவர் போய்விட்டார்.

மத்தியானம் கோடு கலைந்தது. கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை நான் திறக்கவில்லை. நீதவானின் அறைக்குப் போய்ச் சொல்ல முடியாது. மற்றத் தரப்பு இல்லாமல் அவரிடம் வழக்கைப் பற்றி வாய் திறப்பது குற்றம். சொல்வதென்றால் எல்லாருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும். தலைமைக் கிளாக்கரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“உம்மடை வேலை மொழிபெயர்க்கிறது. சாட்சி சொல்லுறதில்லை” என்றார் அவர். “உமக்குப் பொம்பிளைப் பிள்ளையள் மூண்டு. பேசாமல் இரும்.”

“சத்தியம் பண்ணியெல்லோ நிக்கிறன்.”

“சத்தியம் பண்ணினது சொல்லுக்குத்தானே. சொல்லைச் சரியாத்தானே சொன்னனீர்.”

அவர் சொன்னதும் சரிதான். அதனால்தான் என்னால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மணிக்குக் கோடு கூடியது. நான் எழுந்து நின்று, காலையில் நான் கொடுத்த ஒரு சொல்லைத் திருத்த அனுமதி வேண்டும் என்றேன். பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் உடனே எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்ல முடியாது என்றார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

“திருத்தமா, விளக்கமா?” என்று என்னைக் கேட்டார்.

“திருத்தம், கனம் நீதவான்.”

“அப்படியானால் சரியான சொல் என்ன?”

என்னிடம் சொல் இல்லை. மத்தியானம் முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. “ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அது அடங்காது. ஆம் என்றும் இருக்கலாம். நீங்கள் சொல்வது கேட்கிறது என்றும் இருக்கலாம். நான் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டேன்.”

“சாட்சி எதை நினைத்துச் சொன்னார்?”

“கேட்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.”

சொன்ன பிறகுதான், திருத்தத்தை விட்டு விளக்கத்துக்குப் போய்விட்டேன் என்று விளங்கியது. நீதவான் அதை எழுதவில்லை. தாளைப் புரட்டி, காலையில் எழுதிய ‘சம்மதித்தேன்’ என்பதை ஒரு கோட்டால் வெட்டினார். அதற்கு மேல் ‘ஓம்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினார். ஓரத்தில் கையொப்பமும் வைத்தார். இராசேந்திரத்தைத் திரும்பவும் கூண்டில் ஏற்றச் சொன்னார்.

“நீர் ‘ஓம்’ என்று சொன்னது எதற்கு? யோசித்துச் சொல்லும்.”

நான் தமிழில் கேட்டேன். இராசேந்திரம் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நான் குனிந்துகொண்டேன்.

“காரைப் பாக்கிறதெண்டா பாக்கட்டும் எண்டுதான் ஓம் எண்டன், ஐயா. என்னட்டை என்ன கிடக்கு? டிக்கியை நானே திறந்து விட்டன். பேந்து சீற்றைத் தூக்கப் போனார். அந்தாளை இறக்கினா அதிலையே போயிடும். அதுக்கு நான் ஓம் எண்டு சொல்லேல்லை. ‘ஐயா, இதை மட்டும் விடுங்கோ’ எண்டு கையைப் பிடிச்சன். அடிக்கேல்லை. கெஞ்சினனான்.”

என் ஊகம் பிழை. அவர் சொன்ன ஓம் உண்மையான ஓம்தான். அதை நான் அவருக்காக மாற்றப் பார்த்திருந்தேன். அவர் சொன்னதை ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்து முடித்தேன்.

பாக்கியத்தையும் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலையில் வந்தாள். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“‘அண்ணை, பாக்கட்டும், விடுங்கோ. கெதியாப் போவம்’ எண்டு நான் உள்ளுக்கிருந்து சொன்னனான். அண்ணை கேக்கேல்லை. அப்புவை அசைக்க விடமாட்டன் எண்டு நிண்டவர்.” பிறகு, “அவர் எங்களுக்காண்டித்தான் நிண்டவர்” என்றாள்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மறித்தது சரி. கேட்ட பத்திரங்களைச் சாரதி காட்டினார், அதுவும் சரி. குறித்த ஒரு ஊர்க் கார் என்பது மட்டும் அந்தக் காரைத் தேடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. டிக்கிக்குக் கொடுத்த சம்மதம் நோயாளி கிடக்கிற சீற்றுக்கும் கொடுத்ததாகாது. இவ்வளவு பார்க்கலாம், இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அதிகாரம் இல்லாத தேடுதலுக்கு முன்னால் கெஞ்சி நிற்பது தடையாகாது. விடுதலை.

நான் அதைத் தமிழில் சொன்னேன். இராசேந்திரம் கும்பிட்டார். மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க எதையும் அவருடைய முகத்தில் நான் காணவில்லை.

பின்னேரம் நீதவான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. “இன்றைக்கு நீர் அந்த மனிதருக்காக வழக்காடினீர்” என்றார். “நீர் கேள்வியைக் கிளப்பியதால் உண்மை வந்தது. ஆனால் நீர் சொன்ன பதில் உண்மை இல்லை. அவர் நேர்மையானவராக இருந்தது உம்முடைய அதிர்ஷ்டம்.” விறாந்தையில் நான் கொடுத்துவந்த புத்திமதி பற்றியும் ஒரு வரி சொன்னார். இரண்டும் என் உத்தியோகக் கோவையில் எழுதப்பட்டன. அதற்குப் பிறகு வந்த பதவி உயர்வு என்னைத் தாண்டிப் போனது. நான் முறையிடவில்லை. அவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது.

அந்தத் தீர்ப்பைக் கார் ஸ்ராண்டுகளில் கொஞ்சக் காலம் பெருமையாகக் கதைத்தார்கள். இளசுகள் சிலர் மறித்த இடத்தில் அதைச் சொல்லியும் பார்த்தார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிரேக் லைற்றும் ஹோணும் ரயரும் அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. அதெல்லாம் பொலிஸுக்குச் சட்டப்படி உள்ள அதிகாரம். அதில் பிழை பிடிக்க முடியாது. இராசேந்திரத்தின் கார் நம்பர் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. கிழமைக்கு நாலு தரம் மறித்தார்கள். ஒருவரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. பத்திரங்களை வாங்கி மெதுவாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவசரமாகப் போக வேண்டியவர்கள் அவருடைய காரைப் பிடிப்பதை விட்டுவிட்டார்கள். ஒரு வருடத்தில் காரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு அவரை நான் கண்டது ஒரேயொரு முறை. ஏழெட்டு வருடம் கழித்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில். காக்கிச் சட்டையோடு வந்து என் முன்னால் நின்றார். தலை நரைத்திருந்தது. பருத்தித்துறைப் பஸ் ஓட்டுவதாகச் சொன்னார்.

“பஸ் சுகம், முதலியார். மறிச்சா நிப்பாட்டுறன். ஏறிப் பாத்துப்போட்டு இறங்குவினம். என்ரை வாகனமில்லைத்தானே.”

பாக்கியத்தைப் பற்றிக் கேட்டேன்.

“இருக்கிறா. ஒவ்வொரு வருசமும் தேப்பன்ரை திவசத்துக்கு எனக்கும் சோறு குடுத்து விடுறவ. ஒரு நாளும் அதைப்பற்றிக் கதைச்சதில்லை.” நிலத்தைப் பார்த்தார். “ஒருக்காலெண்டாலும் ஏசினா எனக்குச் சுகமாயிருக்கும்.”

அவர் தொடர்ந்தார்.

“உங்களிட்டை ஒண்டு கேக்க வேணுமெண்டு கனகாலமா இருந்தனான். அண்டைக்கு அந்தப் பிள்ளை சொன்னமாதிரி நான் விட்டிருந்தா, சீற்றைத் தூக்கிப் பாத்துப்போட்டு ஐஞ்சு நிமிசத்திலை அனுப்பியிருப்பினம். கையெழுத்தை வாசியாமலே வைச்சிருந்தாலும் நேரம் மிஞ்சியிருக்கும். மனிசன் வீட்டை போய்ச் சேர்ந்திருக்குமோ?”

“நீங்கள் செய்தது சட்டப்படி சரி. கோடும் அதைத்தான் சொன்னது” என்றேன்.

“சட்டத்தை நான் கேக்கேல்லை, முதலியார்.”

வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று விறாந்தையில் சொன்ன முதலியார் நான்தான் என்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நேரக் காப்பாளர் விசில் ஊதிவிட்டார்.

“சரி, வாறன்” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினார். ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்து, கதவருகே நின்றவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மெதுவாக வெளியே எடுத்தார். நான் உடுவில் பஸ்ஸுக்குப் போக வேண்டியவன். அந்தப் பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன். கிழவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்பதா, சேர்ந்திருக்கமாட்டார் என்பதா, எதைச் சொல்லியிருந்தால் அவருக்கு உதவியிருக்கும் என்று அப்போதும் தெரியவில்லை.